பெரியாற்றை அளந்தவர்

தேனியிலிருந்து தென்மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலை வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து குமுளி மலையின் அடிவாரத்தில் போய் நிற்கிறது. இருமருங்கிலும் மலைத்தொடர்கள் மதில்கள்போல் உயர்ந்து நிற்க, அவற்றிடையே நெல் வயல்களும், தென்னந்தோப்புகளும், வாழைத் தோட்டங்களும், திராட்சைப் பந்தல்களும் கண்ணுக்கு எட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. இதுவே கம்பம் பள்ளத்தாக்கு. மழைமேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திவிடுவதால், இப்பகுதிக்கு வானம் வழங்கும் நீர் சிறிதே. ஆயினும் இங்கே ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. இப்பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் ஆற்றின் நீரில் பெரும்பகுதி, இயற்கையின் போக்கில் விட்டிருந்தால், மேற்கே சென்று அரபிக்கடலில் கலந்திருக்க வேண்டிய நீராகும். மலையின் மறுபுறம் பாய்ந்த ஆற்றை இப்புறம் திருப்பியவர் ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியாளர். ஆண்டுதோறும் தை மாதத் தொடக்கத்தில், அவர் பிறந்த நாளன்று, கூடலூரை அடுத்த லோயர்கேம்ப்பில் உழவர்கள் திரண்டு பொங்கலிட்டு வழிபடுகின்றனர். பள்ளத்தாக்கில் அவர் பெயரைத் தம் மக்களுக்கு இட்டு அழைக்கும் பெற்றோரும் உளர்.

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆங்கிலப் படையில் உயர்பதவி வகித்தவர். மகனுக்கு எட்டு வயது நிரம்பும் தறுவாயில், 1849ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் தந்தையார் வீழ்ந்தார். அதே போர்க்களத்தில், அதே நாளில், மூத்த தமையனாரும் மாண்டார். அவருக்கு அப்பொழுது வயது பதினேழு. இவ்விரு சாவுகளின் நிழலில் வளர்ந்த இளைஞரும் படைத்துறையையே நாடினார். எனினும், அவர் கையில் எடுத்தது வாள் அன்று, அளவுகோல். செல்ட்டனாம் கல்லூரியிலும், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அடிஸ்கோம்பு படைப்பள்ளியிலும் பயின்று, 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் அலுவலராக அமர்ந்தார். 1860இல் இந்தியா வந்து சேர்ந்தார். அடிஸ்கோம்பில் படித்தோர்க்குக் கணிதமே தலையாய பாடம். பொறியாளர் படைக்குத் தெரிந்தெடுக்கப்படுவோர் அதில் வல்லவராய் இருத்தல் வேண்டும். 1868இல் அபிசீனியப் போருக்குச் சென்று திரும்பியதைத் தவிர, அவருடைய பணிக்காலம் பெரும்பாலும் சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறையிலேயே கழிந்தது. ஓய்வு நேரங்களில் கிரிக்கெட் ஆட்டத்தில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது.

பெரியாற்றைத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் பென்னிகுவிக்கின் உள்ளத்தில் முதலில் தோன்றியதன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சராகிய முத்திருளப்ப பிள்ளை, பன்னிருவரை மலைக்கு அனுப்பி அந்நீரைக் கிழக்கே கொணர வழியுண்டா என ஆராயச் செய்தார். வழி உண்டு எனத் தெரிந்தது; பொருள்தான் இல்லை. 1808இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் அதே இடத்தைப் பார்வையிட்டு, இது வீண் கனவு எனக் கைவிட்டார். 1850இல் சிறிய அணையொன்று தொடங்கப்பெற்று, காய்ச்சலாலும் பிற தொல்லைகளாலும் நின்றுபோயிற்று. 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். அவருக்குப் பின் ஸ்மித் என்பவர் வேறொரு திட்டம் வகுத்தார். திட்டங்கள் அலுவலகப் பெட்டிகளில் உறங்கின. வைகையோ கோடையில் மணலாறாகவே கிடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. ஊர் ஊராக மக்கள் மடிந்தபோது, மலைக்கு அப்பால் ஒரு பேராறு யாருக்கும் பயன்படாது கடலுக்கு ஓடுகிறது என்ற செய்தி ஆள்வோரின் நெஞ்சை உறுத்தியது. 1882இல், பழைய திட்டங்களை ஆராய்ந்து புதிய திட்டம் ஒன்றை ஆக்கித் தருமாறு பென்னிகுவிக் பணிக்கப்பட்டார்.

அவர் முன் நின்ற வினாக்கள் மூன்று. ஆற்றின் குறுக்கே எவ்வளவு உயரத்தில் அணை எழுப்பினால் எவ்வளவு நீர் தேங்கும்? தேங்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்க அணை எவ்வளவு பருமனாக இருத்தல் வேண்டும்? மலையை எவ்விடத்தில், எவ்வளவு தூரம் துளைத்தல் வேண்டும்? இவற்றுள் ஒன்றில் தவறினாலும் பணம் பாழாவது மட்டுமன்று. அணைக்குக் கீழே வாழும் மக்களின் உயிருக்கும் ஊறு நேரும்.

செவ்வக வடிவமான தொட்டியில் எவ்வளவு நீர் கொள்ளும் எனக் காண்பது எளிது. நீளத்தை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் விடை வந்துவிடும். மலைப் பள்ளத்தாக்கு தொட்டி போன்றதன்று. அடியில் குறுகி, மேலே போகப் போக அகன்று, கிளைப்பள்ளங்கள் கைவிரல்கள்போல் நாற்புறமும் நீண்டு, ஓரிடத்தில் சரிந்தும் ஓரிடத்தில் செங்குத்தாகவும் அமைந்தது அது. இதனை அளக்கப் பொறியாளர் கையாளும் வழி, பள்ளத்தாக்கு முழுவதையும் கிடைமட்டமான மெல்லிய அடுக்குகளாக மனத்தினால் வெட்டிப் பார்ப்பதாகும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்து வரைபடத்தில் கோடு வரைவர்; இது சமவுயரக் கோடு எனப்படும். அக்கோட்டினுள் அடங்கும் நிலமே, அவ்வுயரத்திற்கு நீர் ஏறும்போது மூழ்கும் பரப்பாகும். அடுத்தடுத்த இரு கோடுகளின் பரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, இடைப்பட்ட உயரத்தால் பெருக்கினால் அவ்வடுக்கின் கன அளவு கிடைக்கும். எல்லா அடுக்குகளையும் கூட்டினால் ஏரியின் கொள்ளளவு கிடைக்கும்.

இம்முறையின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு பள்ளத்தில் நீரின் பரப்பு, ஆழத்தின் வர்க்கத்திற்குச் சமமான ஏக்கராக விரிகிறது எனக் கொள்வோம். பத்தடி ஆழத்தில் 100 ஏக்கர், இருபதடியில் 400, முப்பதடியில் 900. பத்தடி அடுக்குகளாக வெட்டிக் கூட்டினால் 500, 2,500, 6,500 ஆக மொத்தம் 9,500 ஏக்கர்-அடி நீர் எனக் கணக்கு வரும். அடுக்கின் கனத்தை ஐந்தடியாகக் குறைத்துக் கூட்டினால் 9,125 வரும். அடுக்கு மெலிய மெலிய விடை 9,000 என்னும் எண்ணை நெருங்கிக்கொண்டே போகும். எவ்வளவு மெல்லியதாக வெட்டினும் அதற்குக் கீழே இறங்காது. அந்த 9,000, மேற்பரப்பாகிய 900 ஏக்கரை முப்பதடியால் பெருக்கி மூன்றால் வகுத்த தொகையே ஆகும். எண்ணற்ற மெல்லிய துண்டுகளின் கூட்டுத்தொகை எந்த எண்ணைச் சென்று சேரும் என்பதை ஒரே மூச்சில் கண்டுரைக்கும் கலையே தொகை நுண்கணிதம். பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் அதற்கு முறையான வடிவம் தந்தனர். அவர்களுக்கும் முன்பே கேரளத்துக் கணித அறிஞர் மாதவரும் அவர் வழிவந்தோரும் முடிவிலாத் தொடர்களைக் கொண்டு வட்டத்தை அளந்திருந்தனர். காட்டுப் பள்ளத்தாக்கு எந்தச் சமன்பாட்டுக்கும் அடங்காது. ஆகவே அங்கே பொறியாளர் மெல்லிய அடுக்குகளையே நம்பியாக வேண்டும். கருத்து என்னவோ ஒன்றுதான்.

பெரியாற்றுப் பள்ளத்தில் இக்கணக்கு என்ன கூறுகிறது என்று பாருங்கள். மலையைக் குடைந்த வாயில், ஆற்றுப் படுகையிலிருந்து 104 அடி மட்டத்தில் அமைந்துள்ளது. அதற்குக் கீழே தேங்கும் நீர் கிழக்கே வராது. நீர்மட்டம் 152 அடிக்கு உயரும்போது ஏரி கொள்ளும் மொத்த நீர் ஏறத்தாழ 1,565 கோடி கன அடி. அதில் 104 அடிக்கு மேலே நிற்பது 1,056 கோடி கன அடி. அதாவது, கீழே உள்ள 104 அடி ஆழம் முழுவதும் சேர்ந்து 510 கோடி கன அடிக்கும் சற்றுக் குறைவாகவே கொள்ள, மேலே உள்ள 48 அடி மட்டும் அதைப்போல் இரு மடங்கு கொள்கிறது! கீழ்ப்பகுதியின் சராசரிப் பரப்பு 1,100 ஏக்கர் அளவே. மேற்பகுதியின் சராசரிப் பரப்போ 5,000 ஏக்கர். உயரமாகக் கட்டத் துணிந்தால்தான் பயன் என்பதை வரைபடத்தின் கோடுகளே சொல்லிவிட்டன. நூறடியோடு நின்றிருந்தால் அணை எழுந்திருக்கும். கம்பத்திற்கு ஒரு சொட்டு நீரும் வந்திராது.

சமவுயரக் கோட்டின் வேலை அதனோடு முடியவில்லை. அணை அமையும் இடமும் நீர் தேங்கும் காடும் திருவிதாங்கூர் அரசுக்கு உரியவை. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் சென்னை அரசுக்காக இந்திய அமைச்சரும், திருவிதாங்கூர் அரசும் 999 ஆண்டுகளுக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டனர். 155 அடி உயரக் கோட்டுக்கு உட்பட்ட 8,000 ஏக்கர் நிலத்திற்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாரம் எனக் குறிக்கப்பட்டது. மலையில் இழுத்த ஒரு கோட்டின் உட்பரப்பு இவ்வாறு இரு அரசுகளின் வரவு செலவுக் கணக்கில் புகுந்தது. அக்கோட்டுக்குள் அகப்பட்ட காடு நீரில் மூழ்கியது. தேக்கடி ஏரியில் படகில் செல்வோர், பட்ட மரங்களின் தலைகள் இன்றும் நீருக்கு மேலே நிற்பதைக் காணலாம்.

அடுத்தது அணையின் பருமன். நீரின் அழுத்தம் மேலே சிறிது, கீழே பெரிது. ஆழத்திற்கு ஏற்ப ஒரே சீராக வளர்வது. அதனையும் மெல்லிய பட்டைகளாகப் பகுத்துக் கூட்டவே வேண்டும். 150 அடி ஆழமுள்ள நீர், அணையின் நீளத்தில் ஒவ்வோர் அடியின்மீதும் ஏழு இலட்சம் பவுண்டுக்கு மேல், அஃதாவது முந்நூறு டன்னுக்கு மேல், தள்ளுகிறது. ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அணையைக் கவிழ்க்கும் ஆற்றலோ எட்டு மடங்காகும். இதனை எதிர்த்து நிற்பது அணையின் எடை ஒன்றே. பென்னிகுவிக், முன்னோர் எண்ணிய மண் அணையை விடுத்து, எடையினாலேயே நிற்கும் கல்லணையைத் தேர்ந்தார். உச்சியில் 12 அடி அகலம். அடியில் 138 அடி அகலம். அடித்தளத்தின் ஆழ்ந்த இடத்திலிருந்து 176 அடி உயரம். நீளம் ஏறத்தாழ 1,200 அடி. இருபுற முகங்களும் கருங்கல் கட்டுமானம். உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கலந்த காரை. பக்கத்தே 240 அடி நீளமுள்ள சிற்றணை ஒன்றும் தேவைப்பட்டது. இம்மாபெரும் உருவத்தில் கல்லும் காரையும் எத்தனை கன அடி செல்லும் என்பதைக் காணவும், அணையைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அளந்து கூட்டும் வழியே துணை. மலையைத் துளைத்த சுரங்கத்தின் கணக்குத்தான் சற்று எளியது. ஏறத்தாழ 5,700 அடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஏழரை அடி உயரம். ஐந்து இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட பாறையைச் சிறிது சிறிதாக உடைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது.

தாளில் கணக்கு முடிந்தது. காட்டிலோ துன்பம் தொடங்கியது. 1887இல் வேலை ஆரம்பமாயிற்று. அருகிலிருந்த இரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். இன்று அது கொடைக்கானல் ரோடு என வழங்குகிறது. அங்கிருந்து பொறிகளும் கருவிகளும் மாட்டு வண்டிகளில் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதும் வந்து சேர்ந்தன. சுண்ணாம்பு முதலிய பொருள்கள் மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கிய தொட்டிகளில் மேலே ஏறின; மேலே ஆற்றில் படகுகளில் சென்றன. சென்னைப் பயனியர் படையினரும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் சென்ற கூலியாட்களும் உழைத்தனர். யானைகளும் புலிகளும் உலவிய காடு அது. ஆனால் யானையைவிடக் கொடியது காய்ச்சல். கோடையில் அது பரவியபோதெல்லாம் வேலையை நிறுத்தி எல்லோரும் கீழே இறங்க நேர்ந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். அணை முடிந்து ஈராண்டு கழித்து! காரணம் அறியாமலே மக்கள் மாண்டனர். நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு உள்ளது. அவர்களுள் பலருடைய கல்லறைகள் அணையின் அருகிலேயே உள்ளன. பென்னிகுவிக்கின் பெயர் நிலைத்தது; அவர்களுடைய பெயர்களை அறிந்தவர் இலர்.

ஆற்றின் நடுவே அடித்தளம் இடுவதே எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது. நீரைத் தடுக்கத் தற்காலிகக் கரைகள் எழுப்புவர். திடீரெனப் பெருகும் வெள்ளம் பல திங்கள் உழைப்பை ஓரிரவில் அடித்துச் செல்லும். மீண்டும் எழுப்புவர், மீண்டும் வெள்ளம் வரும். ஆற்றின் எடையும் அழுத்தமும் கணக்கிற்கு அடங்கியவை. அது எப்பொழுது வரும் என்பது அடங்கவில்லை. அரசினர் நிதி தர மறுக்கவே, பென்னிகுவிக் தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்றொரு கதை பள்ளத்தாக்கில் வழங்கி வருகிறது. அணைக்கான செலவைச் சென்னை அரசே ஏற்றது என்பதே ஏடுகளில் காண்பது. தம்மை வாழவைத்தவரிடம் மக்கள் கொண்ட அன்பு அக்கதையை வளர்த்திருக்கலாம். எட்டு ஆண்டுகள் காட்டுக்கும் வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவே திட்டத்தைக் கைவிடாமல் காத்த மனவுறுதிக்கு அக்கதையின் துணை வேண்டுவதில்லை.

1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் தொடங்கி வைத்தார். நீர் தேக்கடியிலிருந்து மலையினூடே புகுந்து, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. பேரணையில் திரும்பி மேலூர் வரையிலும் வயல்களில் பாய்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இருபோகச் சாகுபடி பெற்றது.

பென்னிகுவிக் 1896இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் கூப்பர்ஸ்ஹில் என்னுமிடத்திலிருந்த இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். பெரியாற்றுத் திட்டம்பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குச் சிவில் பொறியாளர் கழகம் டெல்போர்டு பதக்கம் வழங்கியது. 1899இல் ஆஸ்திரேலியா சென்று பிரிஸ்பேன் ஆற்றின் வெள்ளத் தடுப்புக்கு யோசனை கூறினார். 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள், கேம்பர்லி என்னும் ஊரில் தம் எழுபதாம் வயதில் காலமானார். தேனிப் பேருந்து நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லோயர்கேம்ப்பில் தமிழ்நாட்டு அரசு அமைத்த மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. 2022இல் கேம்பர்லியிலும் அவருக்குத் தமிழ்நாட்டு அரசு சிலை எடுத்தது.

அவர் இட்ட கோடுகளின் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அணையின் பாதுகாப்புக் குறித்து ஐயம் எழுந்ததால் 1979இல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டு, அணை பின்னர் வலுப்படுத்தப்பட்டது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நெடுநாள் நடந்த வழக்கில், 142 அடி வரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006இல் கூறி, 2014இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. அடிக்கணக்கில் வேறுபாடு ஆறுதான். ஆனால் அவ்வாறடி அணையின் உச்சிக்கு அருகே, ஏரி மிக அகன்று கிடக்கும் இடத்தில் உள்ளது. அதில் அடங்கும் நீர் 150 கோடி கன அடிக்கும் மேற்பட்டது. ஆகவேதான் கம்பத்திலும் சின்னமனூரிலும் உழவர்கள் காலையில் செய்தித்தாளை விரித்ததும் முதலில் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத் தேடுகின்றனர். அங்கே அடியில் ஓர் எண்ணும், அதனை அடுத்துக் கன அடியில் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். முன்னதை அணையின் மேல் உள்ள அளவுகோலில் கண்ணால் பார்த்து எழுதுவர். பின்னதை அடுக்கடுக்காகக் கூட்டி ஆக்கப்பட்ட அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுவர்.